இரை மீன் அறையில் இடம் கொடுத்த அண்ணாச்சிக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

பிழைத்துவிட்டது. வெள்ளத்தில் மூழ்கிய நம் வாசகசாலையின் பழைய நடவடிக்கைப் புத்தகம், கூட்டத் தீர்மானங்களை எழுதி வைத்தது, செப்பனிட்டு நேற்று சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்து ஆளாளுக்கு எட்டிப் பார்த்தாயிற்று, எனக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரவில்லை. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணிக் கரையில் என்ன நடந்தது என்று நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று செய்தியில் கேட்டவர்களுக்கும் தெரியும், மொட்டைமாடியில் உட்கார்ந்து ஹெலிகாப்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியும். என்னென்ன போயிற்று என்ற கணக்கெல்லாம் நாம் பேசித் தீர்த்தாயிற்று. இது நன்றி சொல்ல மட்டும்.

முதல் நன்றி, தூத்துக்குடியில் ஒரு மீன் கம்பெனியில் கோல்டு ஸ்டோரேஜைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சிக்கு. பெயர் போட்டால் அப்புறம் பேசவே மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார், அதனால் வெறும் அண்ணாச்சி.

பழைய தாளுக்கும் மீன் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காக ஒரு விஷயம். பழைய தாள்களைச் செப்பனிடுவதையே தொழிலாக வைத்திருக்கும் சென்னை அக்கா ஒருவரை, யார் யாரையோ பிடித்து, போன் சிக்னல் வந்ததும் கூப்பிட்டோம். அவர் முதலில் சொன்னது எல்லாமே ‘செய்யாதீங்க’தான். வெயிலில் போடாதீங்க, பக்கத்தைப் பிரிக்காதீங்க, சேற்றைத் துடைக்காதீங்க. ஈரத்தில் ஊறிய தாளுக்குத் தன் எடையைத் தாங்கக்கூடத் தெம்பு இருக்காது, அதன் மேல் வண்டல் மண்ணை வைத்துத் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். தண்ணீருக்குள் கிடந்தவரை பூஞ்சைக்கு வழியில்லை. வெளியே எடுத்துக் காற்றுப் பட்ட நிமிஷத்திலிருந்துதான் கணக்கு ஆரம்பம், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இரண்டு நாள் போதும். அதனால் அப்படியே பாலிதீன் பையில் சுற்றி, எங்கேயாவது ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள் என்றார். மைனஸ் 18, மைனஸ் 20-க்குக் கொண்டுபோனால் பூஞ்சை வளர்வது அப்படியே நிற்கும், மை மேலும் கசியாது. குணமாகாது, ஆனால் அவகாசம் கிடைக்கும். 1988-இல் லெனின்கிராடில் அறிவியல் அகாதமி நூலகம் எரிந்து, தீயணைப்புத் தண்ணீரில் நனைந்த புத்தகங்களையும் இப்படித்தான் உறைய வைத்தார்கள் என்று அவர் சொன்னபோது, சரி, நாம் தனியாக இல்லை என்று ஒரு சின்ன தைரியம்.

தைரியம் வந்து என்ன செய்ய? ஊரில் கரண்ட் இல்லை, ஃப்ரிட்ஜெல்லாம் தெருவில் கவிழ்ந்து கிடந்தது. மீன் வியாபாரம் பார்க்கும் நம்ம தம்பிதான், ‘அண்ணே, றால் கம்பெனியில கேட்டா என்ன?’ என்றான். ரோடு திறந்ததும் பைக்கில் நடுவில் புத்தகத்தை வைத்துக்கொண்டு கிளம்பினோம். நனைந்து உப்பி, கட்டிய தலையணை மாதிரி இருந்தது. முதலில் போன இரண்டு இடத்தில் முடியாது என்றார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, சாப்பாட்டுச் சரக்கு இருக்கும் இடத்தில் சேறு பூசிய மூட்டையை யார் விடுவார்கள்?

அண்ணாச்சியும் அதைத்தான் சொன்னார். ஏற்றுமதிச் சரக்கு இருக்கும் அறைக்குள் இதை வைத்தால், ஆய்வுக்கு வருகிறவர்கள் கம்பெனியையே மூடிவிட்டுப் போவார்கள் என்றார். நாங்கள் திரும்பிப் போகப் பார்த்தோம். ‘நில்லுங்க, நான் இன்னும் முடிக்கலையே’ என்று சொல்லிவிட்டு முதலாளிக்குப் போன் போட்டார். பின்பக்கம் தூண்டில்காரர்களுக்கான இரை மீனைப் போட்டு வைக்கும் சின்ன அறை ஒன்று, அதில் வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் பேச்சு. என்ன புத்தகம், எந்த வருஷத்தது, எதற்கு இத்தனை பாடு என்று ஒரு கேள்வியும் கிடையாது.

அதற்கப்புறம் அவர் செய்ததைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பாலிதீன் பைக்கு மேல் இன்னொரு பாலிதீன், சந்து விடாமல் டேப், அப்புறம் ஒரு புது தெர்மாகோல் பெட்டி. ‘மீன் வாடை ஏறிச்சுன்னா நாளைக்கு என்னையத்தான் ஏசுவீங்க.’ பெட்டியைக் கதவுப் பக்கம் வைக்கப்போன பையனைத் தடுத்து உள்ளே கடைசி ரேக்குக்குக் கொண்டுபோகச் சொன்னார். கதவு திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று அடித்து லேசாக உருகும், மறுபடி உறையும், மீனே அதில் கெட்டுப்போகும், தாள் என்ன ஆகும் என்று அவராகவே யோசித்திருக்கிறார். சென்னை அக்காவிடம் பிறகு இதைச் சொன்னபோது, நானே சொல்ல மறந்ததை அவர் செய்திருக்கிறார் என்றார். பெட்டி மேல் மார்க்கரால் ‘புஸ்தகம். தொடாதே’ என்று எழுதி, அடியில் பெரிதாக ஒரு கோடும் போட்டார்.

அந்த வாரம் தூத்துக்குடியிலும் பாதித் தெருக்களில் தண்ணீர் வடியவில்லை, கம்பெனி ஜெனரேட்டரில் ஓடியது. ராத்திரி போன் வரும். ‘உங்க பிள்ளை நல்லா இருக்கு, மைனஸ் பத்தொம்பது காட்டுது, தூங்குங்க.’ அவர் வீட்டுக்குள்ளேயே இடுப்பளவு தண்ணீர், குடும்பத்தைச் சொந்தக்காரர் வீட்டு மாடியில் விட்டுவிட்டுத்தான் இங்கே ராத்திரி ட்யூட்டி பார்த்தார் என்பது, பெட்டியை எடுக்கப்போனபோது கூட வேலை பார்க்கும் பையன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வாடகை என்று ஏதோ கையில் திணிக்கப் பார்த்தோம். ‘இரை மீனுக்கு நடுவுல ஒரு புஸ்தகம் கெடந்ததுக்கு என்னத்த வாடகை’ என்று சிரித்துவிட்டார். ஆனால் பெட்டியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

அவர் காப்பாற்றியது எதை என்று அவருக்காகவே கொஞ்சம் எழுத வேண்டும். 1930-களிலிருந்து வாசகசாலைக் கூட்டங்களில் போட்ட தீர்மானங்கள். வ.உ.சி. 1936 நவம்பர் 18-இல் தூத்துக்குடியில் மறைந்த பிறகு கூடிப் போட்ட இரங்கல் தீர்மானம், யுத்த காலத்தில் விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடைக்காததால் பேப்பர் வாசிப்பதைச் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வைத்துக்கொள்வது என்ற தீர்மானம், இப்படி. அப்போதைய உறுப்பினர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒருவர் பேப்பரை உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். தீர்மானத்துக்குக் கீழே வரிசையாகக் கைநாட்டு.

வெள்ளம் இதில் ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேரும் அந்தக் காலத்துக் கறுப்பு மை தாளோடு பிணைந்துவிடும் ரகம், தண்ணீர் அதை ஒன்றும் செய்யவில்லை. கைநாட்டு வைத்த மையில் கரியும் எண்ணெயும், ஆகவே அதுவும் ரேகை ரேகையாக அப்படியே இருக்கிறது. ஐம்பதுகளில் படித்த செயலாளர்கள் ஃபவுண்டன் பேனாவில் நீல மையால் வளைத்து வளைத்துப் போட்ட கையெழுத்துகள்தான் போயே போய்விட்டன, வெளிர்நீலக் கறை மட்டும் மிச்சம். ரப்பர் ஸ்டாம்பின் ஊதா எதிர்ப்பக்கம் வரை பரவியிருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் நிலைத்துவிட்டார்கள் என்று நண்பர் ஒருவர் கவிதையாகச் சொன்னார், எனக்கு அந்த நீலக் கையெழுத்துகள் போனதிலும் வருத்தம்தான், அதில் ஒன்று என் பெரியப்பாவுடையது.

சென்னை அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மொத்தமாக உருக விடாமல், ஒரு கொத்து உருகியதும் தாள் தாளாகப் பிரித்து ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்து, ஈரமான ஒற்றுத்தாளை மாற்றி மாற்றிக் காய வைத்தார். மண் காய்ந்த பிறகே மென்மையான பிரஷால் தள்ளினார். கறுப்பு மைக்கு இன்னொரு குணம் உண்டு, வருஷக்கணக்கில் அது தாளை அரிக்கும். சில வரிகளில் எழுத்து இருந்த இடமே விரிந்து கீறலாகியிருந்தது. சோதனைத் தாள் ஒன்றை ஈரப்படுத்தி அதன் மேல் லேசாக ஒற்றினார், இளஞ்சிவப்பாக மாறியது. இரும்பு இன்னும் உள்ளே வேலை பார்க்கிறது என்று அர்த்தமாம். அந்தப் பக்கங்களில் ஈரமான பசை கூடாது என்று, ஜெலட்டின் பூசிக் காய வைத்த மெல்லிய ஜப்பானியத் தாளை மிகக் குறைந்த ஈரத்தில் ஒட்டினார். மற்றவற்றுக்குக் கோதுமை ஸ்டார்ச் பசை. நம் பைண்டிங் கடையில் மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார்களே, அது இல்லை. பசையம் (க்ளூட்டன்) நீக்கிய சுத்த ஸ்டார்ச், தேவைப்பட்டால் நாளைக்கு ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம். யாரோ புண்ணியவான் எப்போதோ ஒட்டிய செலோடேப்பின் பழுப்புக் கறையோடுதான் அதிகம் மல்லுக்கட்டினார். தாளுக்கும் பசைக்கும் மட்டும் காசு வாங்கினார், கூலி வேண்டாம் என்றுவிட்டார்.

மற்றவர்களை மொத்தமாகச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். சேறு அள்ளிய பிள்ளைகள், எஞ்சிய புத்தகங்களைக் காய வைக்க மின்விசிறியோடு வகுப்பறை திறந்துவிட்ட ஹெச்.எம்., ஒற்றுத்தாள் கட்டுக்கட்டாக அனுப்பிய சிவகாசி அச்சகக்காரர், பெங்களூரிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் பணம் போட்டவர்கள், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே சென்னை வரை ரயிலில் போன தம்பி, எல்லோருக்கும். லேமினேஷன் போட்டுத் தருகிறேன், காசே வேண்டாம் என்று ஓடி வந்த கடைக்காரருக்கும் நன்றி. மனசு பெரிது, ஆனால் அதைச் செய்திருந்தால் அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து தாளைத் திரும்ப எடுக்கவே முடியாது.

ஒன்று மட்டும் முடிவு செய்திருக்கிறோம். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் வாசகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருக்கும் பழைய பத்திரம், சாதகம், கடிதம், தாத்தாவின் பர்மா பாஸ்போர்ட், எதுவானாலும் எடுத்து வாருங்கள். அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். எது எப்படி இருக்கிறது, எதைத் தொடக்கூடாது என்று பார்த்துச் சொல்வார். போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அண்ணாச்சி, அன்றைக்கு லீவு போட்டு நீங்களும் வந்தாக வேண்டும், உங்கள் பிள்ளைகளின் நனைந்த சர்டிபிகேட்டுகளோடு.

புத்தகத்தைப் பார்க்க நினைப்பவர்கள் ஞாயிறு காலை வரலாம். கையுறை தேவையில்லை, அதைப் போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாமல் கிழியும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு வந்தால் போதும். கோவிலிலிருந்து நேராக வருகிறவர்கள் விரலில் ஒட்டிய விபூதியை வாசலிலேயே துடைத்துவிடுங்கள்.