பாட்டை எழுதியவருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்

பிரிட்டனின் இசைத் தரவரிசையைத் தொகுக்கும் அஃபிஷியல் சார்ட்ஸ் கம்பெனியாருக்கு,

வணக்கம்.

'த டைட் இஸ் ஹை' உங்கள் பட்டியலில் இரண்டு முறை முதலிடம் பிடித்த பாட்டு. 1980 நவம்பரில் அமெரிக்காவின் பிளாண்டி குழு பாடி இரண்டு வாரம், 2002 செப்டம்பரில் பிரிட்டனின் அட்டாமிக் கிட்டன் குழு பாடி மூன்று வாரம். யார் பாடினார்கள், எந்தக் கம்பெனி வெளியிட்டது, எந்த வாரம் எத்தனையாவது இடம் என்று எல்லாம் உங்கள் பட்டியலில் இருக்கிறது. எழுதிய ஜான் ஹோல்ட்டின் பெயரைத்தான் காணோம். அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கவே இந்த மடல்.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில், பாண்ட் தெருவில், டியூக் ரீட் என்ற முன்னாள் போலீஸ்காரர் மதுக்கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே அவருடைய டிரெஷர் ஐல் ஸ்டுடியோ. 1967இல் பாரகன்ஸ் என்ற மூவர் குழுவின் குரலில் அவர் தயாரித்த பாட்டு இது. ஸ்கா, ராக்ஸ்டெடி, ரெகே மூன்றும் ஜமைக்காவில் அடுத்தடுத்து வந்த இசை வகைகள். ஸ்காவின் வேகம் தணிந்து, ரெகே இன்னும் பிறக்காத ராக்ஸ்டெடி காலம் அது. ஹோல்ட் முன்னால் நின்று பாட, மற்ற இருவரும் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கிறார்கள். பேஸ் கிட்டாருக்கு எந்த அவசரமும் இல்லை. நடுவே கொஞ்சம் கரகரப்போடு ஒரு வயலின் வந்து போகிறது. அந்தக் கால ஜமைக்கா இசைத்தட்டுகளில் வயலின் கேட்பதே அபூர்வம். இவ்வளவு இருந்தும் ரீட் இதை 'ஒன்லி எ ஸ்மைல்' பாட்டு இருந்த இசைத்தட்டின் மறுபக்கத்தில்தான் வெளியிட்டார். பிளாண்டி குழுவினர் லண்டனில் கிடைத்த ஒரு கேசட்டில் இதைக் கேட்டிருக்காவிட்டால் ஜமைக்காவுக்கு வெளியே எத்தனை பேர் காதுக்கு எட்டியிருக்குமோ!

பிளாண்டியைக் குறை சொல்ல வரவில்லை. லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் நானில்லை என்று ஹோல்ட் ஆணாக நின்று சொன்னதை பிளாண்டியின் பாடகி டெபி ஹாரி பெண்ணாக நின்று சொன்னபோது பாட்டுக்குப் புதுத் திமிர் வந்தது. 1981 ஜனவரி முடிவதற்குள் அமெரிக்காவிலும் அதுதான் முதலிடம். அட்டாமிக் கிட்டன் நடுவில் ஒட்டவைத்த புதுப் பகுதி எனக்குப் பிடிக்காது. அது என் பாடு.

வேடிக்கை என்னவென்றால் ஹோல்ட்டும் உங்கள் பட்டியலில் இருக்கிறார். 1974 கடைசியில் வந்து ஆறாம் இடம் வரை ஏறிய 'ஹெல்ப் மீ மேக் இட் த்ரூ த நைட்' அவர் பாடியது. எழுதியவர் கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன். ஆக, தன் பாட்டுக்கு அடுத்தவர் பெயர், அடுத்தவர் பாட்டுக்குத் தன் பெயர். இங்கே பெயர் காணாமல் போன கிறிஸ்டாஃபர்சன் அமெரிக்கர் என்பதால், இதை ஜமைக்காக்காரர்களின் மனக்குறை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

அதே 1974இல் ஜமைக்கா பாடகர் கென் பூத் 'எவ்ரிதிங் ஐ ஓன்' பாடி முதலிடத்துக்கு வந்தார். அமெரிக்காவின் பிரெட் குழுவைச் சேர்ந்த டேவிட் கேட்ஸ் மறைந்த தன் தந்தையை நினைத்து எழுதியது அது. 1987இல் பிரிட்டன் பாடகர் பாய் ஜார்ஜ் அதே பாட்டோடு முதலிடம் பிடித்தபோது பின்பற்றியது பிரெட்டின் மெட்டமைப்பை அல்ல, பூத்தின் ரெகே வடிவத்தை. இந்த வம்சாவளியை உங்கள் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பிரிட்டனின் ரெகே குழுவான யுபி40 கதை இன்னும் சுவாரசியம். 'ரெட் ரெட் வைன்' பாட்டை அவர்கள் அறிந்தது ஜமைக்கா பாடகர் டோனி டிரைப் 1969இல் பாடிய ரெகே தட்டின் வழியாக. எழுதியவர் என்.டயமண்ட் என்று இருந்ததைப் பார்த்து யாரோ ஜமைக்காக்காரர் என்று நினைத்தோம் என அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அவர் அமெரிக்கப் பாடகர் நீல் டயமண்ட்! 1983இல் உங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்த அந்தப் பதிவு, அமெரிக்காவில் 34ஆம் இடத்தோடு நின்றுபோய், மறுபடி கிளம்பி 1988இல் அங்கேயும் உச்சிக்குப் போனது.

விற்றதை எண்ணுவதுதான் எங்கள் வேலை என்பீர்கள். சரி. ஆனால் அமெரிக்காவின் பில்போர்ட் பத்திரிகையும் அதே வேலையைத்தான் செய்தது. அதன் அச்சுப் பக்கங்களில் பாட்டின் பெயரோடு தயாரிப்பாளர் பெயரும் எழுதியவர் பெயரும் பொடி எழுத்திலாவது இருந்தன. காகிதத்தில் கிடைத்த இடம் கணினித் திரையில் கிடைக்காதா? தகவலுக்கும் பஞ்சமில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற சர்வதேச அடையாள எண் இருப்பதுபோல, எழுதப்பட்ட ஒவ்வொரு பாட்டுக்கும் ஐஎஸ்டபிள்யூசி என்ற எண் இருக்கிறது. எழுதியவர்களுக்கு ராயல்டி பிரித்துக் கொடுக்கும் பிஆர்எஸ் அமைப்பு உங்கள் ஊரிலேயே இருக்கிறது. யார் எழுதினார்கள் என்று தெரியாமல் அவர்களால் பணம் கொடுக்க முடியாது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யச் சொல்லவில்லை. 1952 முதல் இதுவரை முதலிடம் பிடித்தவை 1400ஐத் தாண்டியிருக்கும்; அவற்றிலிருந்து தொடங்குங்கள். எழுதியவர் பெயர் கட்டாயம் வேண்டும். வேறொருவர் முன்பே பதிவுசெய்த பாட்டென்றால் முதலில் பாடியவர் பெயரும் ஆண்டும் வேண்டும். ஹோல்ட் 2014இல் லண்டனில்தான் காலமானார், நீங்கள் இயங்கும் அதே ஊரில். 1980 நவம்பர் வரிசையிலும் 2002 செப்டம்பர் வரிசையிலும் அவர் பெயரை முதலில் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

இப்படிக்கு,
பழைய ரெகே தட்டுகளின் ரசிகன் ஒருவன்