கதிரின் இடுப்பும் என் இடுப்பும்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. மாடி கட்டி முடித்தது சந்தோஷம், பால் காய்ச்சும் நாளை மட்டும் முன்கூட்டியே சொல். இங்கே திருச்சியில் எல்லாரும் நலம், வெயிலைத் தவிர.

"கதிருக்கு இடுப்பில் வாயுப் பிடிப்பு, தைலம் தேய்க்கிறோம்" என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அந்த வரியைத்தான் நாலு தடவை படித்தேன். உன் பையனைக் கேட்டுச் சொல். வலி இடப்பக்கம் மட்டுமா? ஒற்றைக்காலில் நின்று பின்னால் வளைந்தால் சுரீர் என்கிறதா? நாலு நாள் பந்து போடாமல் இருந்தால் அடங்கி, போட்டதும் திரும்ப வருகிறதா? ஆமாம் என்றால் தைலத்தை மூடி வை. கிரிக்கெட்டில் வலக்கை வேகப்பந்துக்காரனுக்கு எலும்பில் விரிசல் பெரும்பாலும் இடப்பக்கம்தான் விழும்.

எனக்கு நடந்தது உனக்குத் தெரியும், முழுதாகத் தெரியாது. பத்தொன்பது வயதில் எனக்கும் இதே வலிதான். சுளுக்கு வழிப்பவர் முதுகில் ஏறி மிதிக்காத குறை. அன்றைய கேப்டன், பெயர் வேண்டாம், "இன்னும் ரெண்டு ஓவர் போடுடா" என்றார். போட்டேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் நடிக்கிறேன் என்றுகூடப் பேசினார்கள். இந்த விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அகப்படாமல் போவது சகஜம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. இன்றைக்கு எம்.ஆர்.ஐ. இருக்கிறது, எலும்பு விரிசல் விடுவதற்கு முன்பே அது களைத்திருப்பதைக் காட்டிவிடும். விளையாட்டுக் காயம் பார்க்கும் டாக்டரிடம் போ. அந்தக் கட்டத்தில் பிடித்தால் சில மாத ஓய்வோடு போகும்.

முன்கால் தரையில் அறையும்போது உடல் எடையைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு விசை மேலே ஏறுகிறது. அதே நொடியில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திருகவும் செய்கிறது. அத்தனையும் இடுப்பின் கடைசி இரண்டு முள்ளெலும்புகளின் பின்பக்கம் இருக்கிற சின்னப் பாலம் ஒன்றில் போய் இறங்குகிறது. பதினைந்து வயதில் அந்தப் பாலம் இன்னும் முற்றவில்லை. கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கினால் என்ன ஆகும், அதுதான்.

ஆஸ்திரேலிய வேகப்பந்துக்காரர் டென்னிஸ் லில்லிக்கு 1973 மேற்கிந்தியத் தீவுப் பயணத்தில் இதே இடம்தான் போனது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அவர் கதை முடிந்தது என்றார்கள். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் உடலியல் நிபுணர் பிராங்க் பைக் அவரை உடற்பயிற்சியால் மறுபடி கட்டி எழுப்பினார். 1974-75 ஆஷஸ் தொடரில் இன்னொரு வேகப்பந்துக்காரர் தாம்சனோடு சேர்ந்து இங்கிலாந்தை அவர் என்ன பாடுபடுத்தினார் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே மனிதர்தான் 1987-இல் சென்னை எம்.ஆர்.எஃப். வேகப்பந்து மையத்துக்கு வந்தார். அந்த வாசலில் நாம் இரண்டு பேரும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினோமே, உள்ளே போயிருந்தால் என் ஆக்‌ஷனை அவரே திருத்தியிருப்பார் என்று இன்னும் ஒரு நப்பாசை. எனக்கு இடுப்பு ஒரு பக்கம் பார்க்கும், தோள் இன்னொரு பக்கம் திரும்பும். அந்தக் கலப்பு ஆக்‌ஷன்தான் முதுகுக்கு எமன். கதிர் வீசுவதை மொபைலில் ஸ்லோமோஷனில் எடுத்து விவரம் தெரிந்த கோச்சிடம் காட்டு. நீயே திருத்தப் போகாதே, நீ பேட்ஸ்மேன்.

ஆனால் ஆக்‌ஷனைவிட எனக்குப் பயம் கணக்கில்தான். தேர்வு என்று பிப்ரவரி, மார்ச்சில் பந்தைத் தொட மாட்டான். ஏப்ரல் பாதியில் லீவு விட்டதும் காலையில் நெட்ஸ், மதியம் பள்ளி மேட்ச், ஞாயிறு தெரு அணிக்கு டென்னிஸ் பந்து. இந்தத் திடீர்ப் பாய்ச்சல்தான் எலும்பை உடைக்கிறது. மூன்று அணியில் ஆடினால் மூன்று கேப்டன்களும் தங்கள் ஓவரை மட்டும் எண்ணுவார்கள், மொத்தத்தை எண்ணுவது யார்? நீதான். இங்கிலாந்து வாரியம் பதினைந்து வயதுக்காரனுக்குப் பல வருடம் வைத்திருந்த அளவு, ஒரு ஸ்பெல்லுக்கு, அதாவது ஒரே மூச்சில் போடுவதற்கு, 6 ஓவர், நாளுக்கு 12. நெட்ஸில் போடுவதும் கணக்கில் சேரும். என் பையன்களுக்கு நான் புளியங்கொட்டை வைத்து எண்ணுகிறேன், ஓவருக்கு ஒன்று, சட்டைப்பையிலிருந்து பேன்ட் பைக்கு. சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

அவன் முரண்டு பிடித்தால் ஆஸ்திரேலிய வேகப்பந்துக்காரர் கம்மின்ஸைச் சொல். 2011-இல் 18 வயதில் ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட், ஆட்ட நாயகன் விருது. அடுத்த டெஸ்ட் 2017-இல் ராஞ்சியில். நடுவில் முதுகும் மற்ற காயங்களும் தின்ற வருடங்கள். பும்ராவும் 2023-இல் நியூசிலாந்து போய் முதுகில் அறுவை செய்துகொண்டு, ஆகஸ்டில்தான் திரும்பினார். பயந்து ஒதுங்கியிருந்தவர்கள் இல்லை இவர்கள்.

ஓய்வு முடிந்ததும் பிட்டம், தொடை, வயிற்றுச் சதையைப் பலப்படுத்தும் பயிற்சியை பிசியோ சொல்லித் தருவார். சலிப்பாக இருக்கும், விடக் கூடாது. பந்தும் முதல் வாரம் ரெண்டு ஓவர், அப்புறம் மெல்ல மெல்ல.

அதுவரை அவனை ஸ்கோர் எழுத உட்கார வை. நானும் ஆறு மாதம் எழுதினேன். அந்தக் கோபத்தில்தான் நீ அடித்த பவுண்டரி ஒன்றை உன் கணக்கில் எழுதாமல் லெக்-பையில் சேர்த்தேன். 49-இல் அவுட் ஆனாயே, அந்த மேட்ச்.

உன்,
செல்வம்