டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவர்களைப் பராமரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், இந்த அறிக்கை எப்படியும் வாட்ஸ்அப் குழுவில் போடப்படும்.

முதலில் வழக்கமான விஷயங்கள். மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் தவறாமல் நடந்தன. செப்டம்பர் 21, உலக அல்சைமர் நாளை ஒட்டி விழிப்புணர்வு நடை நடந்தது. உயில், அதிகாரப் பத்திரம், வங்கிக் கணக்கு பற்றி ஒரு வழக்கறிஞர் பேசினார்; நோயாளிக்குப் புரிந்து முடிவெடுக்கும் தெளிவு இருக்கும்போதே எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள் என்றார். நூலக அலமாரிக்குப் புதுப் பூட்டு போடப்பட்டது.

இனி நோட்டு விஷயம். நோயாளியிடம் அன்றன்று பார்த்ததை வீட்டில் இருப்பவர் எழுதிவைக்கச் சங்கம் அச்சடித்துத் தரும் குறிப்பு நோட்டைத்தான் சொல்கிறேன். "செயலாளர் நோட்டு அச்சடிப்பதிலேயே குறியாக இருக்கிறார், டாக்டருக்குத் தெரியாததா இந்த நோட்டுக்குத் தெரியப்போகிறது?" என்று போன பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் கேட்டது நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. அன்று நேரமில்லாமல் போனதால் பதிலை இங்கே பதிவு செய்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் முன்னால் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். "எப்படி இருக்கிறார்?" என்று அவர் கேட்கிறார். "மறதி ரொம்ப அதிகமாகிவிட்டது டாக்டர்" என்கிறோம். அவருக்கு வேண்டியது அதுவல்ல. எப்போது ஆரம்பித்தது, திடீரென்றா மெல்ல மெல்லவா, முதலில் போனது ஞாபகமா, பேச்சா, நடையா, குணமா என்பதுதான் வேண்டும். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் உதவும்தான். ஆனால் எந்த வகை என்று பிரித்துச் சொல்வதற்கு வீட்டில் கூட இருப்பவர் பார்த்தது மிக முக்கியம். டிமென்ஷியா என்பது ஒரே நோய் இல்லை. மூளையைப் பாதிக்கிற பல நோய்களால் வரும் நிலைக்கு அது பொதுப் பெயர். வகை மாறினால் மருந்தும் மாறும், சில சமயம் ஆபத்தும் மாறும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி டிமென்ஷியா உள்ளவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேருக்குக் காரணம் அல்சைமர். ஜெர்மன் மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906-இல் முதலில் விவரித்தது இதைத்தான். இறந்துபோன ஒரு பெண் நோயாளியின் மூளைத் திசுவில் அவர் பார்த்த படிவுகளும் முறுக்கிய நார்களும் அமிலாய்டு, டௌ என்ற புரதங்கள் என்பது பின்னால் தெரிந்தது. இந்த வகையில் பெரும்பாலும் முதலில் போவது அண்மை ஞாபகம். பள்ளிக்கூட வாத்தியார் பெயர் நினைவிருக்கும். காலையில் யார் வந்தார்கள் என்பது இருக்காது. கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் திரும்பக் கேட்பார்கள். நம்மில் பலருக்குத் தெரிந்தது இது ஒன்றுதான், அதனால் எதைப் பார்த்தாலும் அல்சைமர் என்று சொல்லிவிடுகிறோம்.

ரத்தக்குழாய் சார்ந்த வகையில் பக்கவாதத்துக்குப் பிறகு ஒரே நாளில் ஒரு படி இறங்கி, கொஞ்ச காலம் அப்படியே நின்று, மறுபடி ஒரு படி இறங்குவது உண்டு. ஞாபகத்தைவிட யோசிக்கிற வேகமும் திட்டமிடுதலும் முன்னால் அடிபடலாம். இங்கே ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவதே சிகிச்சையின் பெரும் பகுதி. வயது கூடக்கூட இரண்டும் கலந்து இருப்பதும் சகஜம்.

லூயி பாடி வகையைப் பற்றி நான் விளக்குவதைவிட ஒரு நோட்டின் பக்கத்தையே தருகிறேன். எழுதிய மகளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். "மாலை ஆறு மணி. அலமாரிப் பக்கத்தில் மூன்று குழந்தைகள் நிற்பதாக அப்பா சொன்னார். பயப்படவில்லை. சத்தம் போடாமல் விளையாடுங்கள் என்றார். நேற்று நாள் முழுக்கத் தெளிவு, பேப்பர் படித்தார். இன்று சட்டைப் பொத்தான் போடத் தெரியவில்லை." அதே பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில்: "தூக்கத்தில் கத்துவதும் கையை வீசுவதும் பல வருடமாக உண்டு. அதையும் எழுத வேண்டுமா?"

அதையும் எழுதியதால்தான் நோயின் வகை பிடிபட்டது. இல்லாத ஆட்களைத் தெளிவாகப் பார்ப்பது, நாளுக்கு நாள் தெளிவு ஏறி இறங்குவது, கனவில் நடப்பதைக் கைகாலால் நடித்துக் காட்டும் தூக்கம் என்று மூன்றும் ஒரே இடத்தில் இருந்ததைப் பார்த்ததும் மருத்துவர் நடையையும் கை விறைப்பையும் சோதித்து லூயி பாடி என்றார். அதற்கு முன்னால் வேறோர் இடத்தில் பிரமைக்கென்று ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்து, உடம்பு விறைத்து, விழுங்கவே சிரமப்பட்டிருந்தார் அந்த அப்பா. இந்த வகை நோயாளிகளுக்கு அத்தகைய மருந்துகள் கடுமையான விளைவைத் தரலாம். கேள்வி கேட்ட உறுப்பினர் இந்தப் பத்தியை மட்டுமாவது இரண்டு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு நோட்டு, ஐம்பதுகளில் இருக்கும் ஒரு அம்மாவுடையது. ஞாபகத்துக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டில் எல்லோருடைய பிறந்தநாளையும் சொல்வார். ஆனால் பேரன் விழுந்து அழுதபோது திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போனார். இனிப்பை ஒளித்து வைத்தாலும் தேடி எடுத்துத் தின்றார். முன்பின் தெரியாதவர்களை முகத்துக்கு நேரே கேலி செய்தார். வீட்டில் இதைத் திமிர் என்றும் குடும்பச் சண்டை என்றும் நினைத்து இரண்டு வருடம் போய்விட்டது. மூளையின் முன்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும் தேய்கிற ஃபிரான்டோடெம்பொரல் வகை அது. பெரும்பாலும் 45-இலிருந்து 65 வயதுக்குள் ஆரம்பிப்பதால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. அல்சைமருக்குத் தருகிற டோனெபெசில் போன்றவை இதற்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

டிமென்ஷியாவே இல்லாத கதையும் ஒன்று உண்டு. "திங்கள் வரை சரியாக இருந்தார், புதன் ராத்திரியிலிருந்து ஆளே மாறிவிட்டார்" என்று தேதியோடு எழுதியிருந்தார் ஒரு மருமகள். அப்படி ஓரிரு நாளில் குழப்பம் வந்தால் முதலில் டெலிரியத்தை, அதாவது வேறொரு உடல் கோளாறால் திடீரென வரும் மனக்குழப்பத்தை, சந்தேகிக்க வேண்டும். காரணம் சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்ததும் சில வாரங்களில் தேறிவிட்டார். பி12 குறைபாடு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, விழுந்ததில் மண்டைக்குள் தேங்கிய ரத்தம், சில தூக்க மாத்திரைகளும் அலர்ஜி மாத்திரைகளும் என்று சரிசெய்யக்கூடிய காரணங்களின் பட்டியல் நீளமானது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லா மாத்திரைகளின் பெயரையும் எழுதச் சொல்லி நான் உயிரை வாங்கியது இதற்காகத்தான்.

அப்புறம் மருந்துகள். டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், காலன்டமின் மூன்றும் மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சிதைவதைத் தடுப்பவை. மெமான்டின் வேறு வழியில் வேலை செய்வது, நடுத்தர, முற்றிய நிலைகளுக்கானது. நோயின் அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தணிக்கும், அவ்வளவுதான், நோயை நிறுத்தாது. இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறோம். ஆனாலும் "மறதி நோய் குணமாகும் ஊசி வந்துவிட்டது" என்ற செய்தி நம் குழுவில் வாரம் தவறாமல் வருகிறது, பெரும்பாலும் கூட்டத்துக்கு வராதவர்களிடமிருந்தே. அந்த ஊசிகள் லெகானெமாப், டோனானெமாப். அமெரிக்காவில் முதலாவதற்கு 2023-இலும் அடுத்ததற்கு 2024-இலும் முழு அனுமதி கிடைத்தது. ஆரம்பநிலை அல்சைமருக்கு மட்டும், அதுவும் அமிலாய்டு இருப்பது பரிசோதனையில் உறுதியான பிறகே. லெகானெமாப் ஆய்வில் 18 மாதங்களில் சரிவு சுமார் 27 சதவீதம் மெதுவானது. சரிவு நிற்கவில்லை, மெதுவானது. மூளை வீக்கமும் கசிவும் வரலாம் என்பதால் அடிக்கடி எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும். முற்றிய நிலையில் இருக்கும் பெரியவருக்கு இது பொருந்தாது. ஃபார்வர்டு செய்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்தால் எத்தனையோ வீடுகளில் வீண் நம்பிக்கை வளராமல் இருக்கும்.

கத்துகிறார், அடிக்கிறார், ராத்திரி தூங்கவிடவில்லை என்றவுடன் அமைதிப்படுத்தும் மாத்திரை கேட்கிறோம். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துத் துறை 2005-லேயே எச்சரித்தது. முதலில் வலி இருக்கிறதா, மலச்சிக்கலா, காதுக்கருவியின் பேட்டரி தீர்ந்துவிட்டதா, விளக்கு மங்கலா என்று பார்க்க வேண்டும். வாதாடித் திருத்தப் பார்க்காமல் பேச்சை வேறு பக்கம் திருப்ப வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே வேலை, நடை, பழைய படங்களை வைத்துக்கொண்டு பேச்சு, குழுவாக விளையாட்டு என்று இருந்தால் கூச்சல் பாதி அடங்கும். முடியாதபோதுதான் மாத்திரை, அதுவும் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு. நோட்டில் "கத்துவதற்கு முன் என்ன நடந்தது?" என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதைப் பெரும்பாலானோர் காலியாகவே விட்டிருக்கிறீர்கள்.

காலியாக என்றதும் சொல்லிவிடுகிறேன். கட்டுக் கட்டாக வாங்கிப் போன நோட்டுகளில் எழுதித் திரும்பியவை சொற்பம். ஒன்றில் வீட்டுக் கணக்கு எழுதப்பட்டிருந்தது, மிக நேர்த்தியாக.

பராமரிக்கிற நம் உடம்பைப் பற்றி நடந்த கூட்டத்துக்கு வந்தவர்கள் நாற்காலிகளைவிடக் குறைவு. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் 14 காரணிகளைக் குறிப்பிட்டு, அவற்றைச் சரிசெய்தால் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. கவனிக்காமல் விட்ட காது மந்தம், பார்வைக் குறைவு, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, தனிமை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நம்மில் பலர் அதில் பாதியையாவது சுமந்துகொண்டிருக்கிறோம்.

சந்தா. வீட்டில் நெருக்கடி வரும்போது சேருகிறோம், நள்ளிரவில்கூடச் செயலாளருக்குப் போன் செய்கிறோம். நெருக்கடி தீர்ந்ததும் சந்தா நின்றுவிடுகிறது. காரணம் கேட்டால் "மறந்துவிட்டது" என்று பதில். வேறெந்தச் சங்கத்தில் சொன்னாலும் செல்லும். இந்தச் சங்கத்தில் இதைக் கேட்டால் எனக்கு ஞாபகத்தைச் சோதிக்கும் எம்எம்எஸ்இ கேள்வித்தாளை எடுக்கத்தான் தோன்றுகிறது. துக்கத்தில் இருக்கும் குடும்பங்களை இதில் சேர்க்கவில்லை.

கணக்கைப் பொருத்தவரை, வரவு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, செலவு சற்று அதிகம், கையிருப்பு கவலைப்படும் அளவில் இல்லை. நோட்டு அச்சுச் செலவு "இதர செலவுகள்" தலைப்பில் வருகிறது. விவரம் வேண்டுவோர் பொருளாளரைப் பார்க்கலாம்.

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், செயற்குழு, கட்டணம் வாங்காமல் வந்து பேசிய மருத்துவர்கள், இடம் தந்தவர்கள், நாற்காலி போட்டவர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் ஒரு யோசனை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒரு உறுப்பினர் இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்தால், அந்த வீட்டுக்காரர் தூங்கலாம், வெளியே போய்வரலாம். இதற்குப் பணம் தேவையில்லை, ஆள் தேவை. பெயர் கொடுத்தவர்கள் இதுவரை மூவர். அதில் இருவர் செயற்குழுவினர், ஒருவர் நான். செயலாளர் பதவிக்கும் புதியவர் வருவது நல்லது என்று செயற்குழுவில் சொல்லியிருக்கிறேன். வருபவர் நோட்டுத் திட்டத்தைத் தொடர்வார் என்றால் இன்றே சாவியைக் கொடுத்துவிடுகிறேன். யாரும் முன்வராவிட்டால் சங்கம் நின்றுபோக விட முடியாது, நானே இருப்பேன். அப்போது இரண்டாம் பதிப்புக்கு ஆட்சேபம் இருக்காது என்று எடுத்துக்கொள்கிறேன்.

மீதி நோட்டுகள் வாசல் மேசையில் இருக்கின்றன. பொருளாளரும் ரசீதுப் புத்தகத்தோடு அதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்