மார்த்தாண்டத்திலிருந்து ஜெயாவுக்கு

கர்த்தருக்குள் அன்பான ஜெயாவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை, ரப்பர் பால்வெட்டு நின்று கிடக்கிறது. மூத்தவள் பெங்களூருவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இவருக்கு முட்டுவலிதான் தொந்தரவு. மற்றபடி கர்த்தர் குறையில்லாமல் நடத்துகிறார்.

உன் கடிதத்தை இவருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மாவை அடக்கம்பண்ணிய சூடு ஆறுமுன்னே, சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தை உன் அண்ணன்மார் உன் முன்னால் நீட்டியிருக்கிறார்கள். நீ கையெழுத்துப் போடவில்லை என்றதும், "விசுவாசி என்று சொல்லிக்கொண்டு சொத்துக்கு அலைகிறாள்" என்று பேச்சு. அதைவிட என்னைக் கலக்கியது நீ கடைசியில் எழுதிய நாலு வரிதான். அண்ணனோடு மனஸ்தாபம் இருக்கும்போது திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க உனக்குத் தகுதியில்லை என்று, ஆராதனை பாதியிலேயே எழுந்து வந்துவிடுகிறாயாமே. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஜெயா.

முதலில் சொத்து விஷயம். உன் அண்ணன்மார் பேசுவது பழைய திருவிதாங்கூர் காலத்துப் பேச்சு. 1916-ஆம் வருடத்துத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் தகப்பன் இறந்துபோனால் மகளுக்குக் கிடைப்பது மகனுடைய பங்கில் கால் பாகம், இல்லையென்றால் 5,000 ரூபாய். இரண்டில் எது குறைவோ அது. அதையும் சீதனமாகக் கொடுத்தாயிற்று என்று சொன்னால் முடிந்தது கதை. மேரி ராய் என்கிற சிரியன் கிறிஸ்தவப் பெண் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்புச் சொன்னது. அந்தச் சட்டம் 1951-லேயே செல்லாமல் போய்விட்டது, 1925-ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்பது தீர்ப்பு. அதில் மகன், மகள் என்ற பேதமே கிடையாது. பிள்ளைகளுக்குச் சம பங்கு. இத்தனை வருடமான பிறகும் நம் சபைகளில் "நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன?" என்று கேட்கிறார்கள். பிரசங்க பீடத்திலிருந்து இதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை என்பதில் எனக்கு ரொம்ப வருத்தம் உண்டு.

வேதமும் உனக்கு விரோதமாக இல்லை. எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று செலொப்பியாத்துக்கு ஐந்து பெண்மக்கள். ஆசரிப்புக் கூடார வாசலில் மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் முன்பாக நின்று, தகப்பனுடைய பங்கை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மோசே அதைக் கர்த்தரிடத்தில் கொண்டுபோனார். அவர்கள் கேட்பது சரி என்றார் கர்த்தர். ஆசைக்காரிகள் என்று அவர்களை வேதத்தில் யாரும் ஏசவில்லை.

வழக்காடுகிறவர்களைப் பவுல் கண்டிக்கிறாரே என்று உன் சின்ன அண்ணன் சொன்னாராம். கொரிந்தியருக்கு எழுதின அதே இடத்தில், சகோதரருடைய வழக்கைத் தீர்க்க உங்களுக்குள்ளே விவேகி ஒருவர்கூட இல்லையா என்றும் பவுல் கேட்கிறார். அதை மட்டும் ஏன் விட்டுவிட்டார்? கோர்ட்டுக்குப் போகாதே என்கிறவர்கள், உட்கார்ந்து பேச நாலு பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் அல்லவா?

அதே சமயம் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. ஆஸ்தியைப் பாகம்பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று இயேசுவிடம் ஒருவன் கேட்டபோது, அவர் பங்கு பிரிக்க மறுத்துவிட்டார். பொருளாசையைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் சொன்னார். பங்கைக் கேள். ஆனால் அந்தத் தென்னந்தோப்பு ராத்திரி உன் தூக்கத்தைத் தின்ன விடாதே.

எங்கள் வீட்டுக் கதை உனக்குத் தெரியும். பாகப்பிரிவினைக்கு அப்புறம் இவருடைய அண்ணன், பின்பக்கத் தோட்டத்துக்குப் போகிற வழியில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். ரப்பர் ஷீட்டை ஊரைச் சுற்றித் தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டியிருந்தது. குடும்ப ஜெபத்தில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது, "எங்களுக்குக் குற்றஞ்செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்கிற இடம் வந்ததும் இவர் குரல் நின்றுவிடும். பிள்ளைகள் இரண்டு பேரும் கண்ணைத் திறந்து அப்பா முகத்தைப் பார்ப்பார்கள். அடுத்த வரியில்தான் மறுபடி சேர்ந்துகொள்வார். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். அந்த அண்ணன், மதினி, அவர்கள் பிள்ளைகள் பேரைச் சொல்லி ஜெபிப்பதை மட்டும் ஒரு நாளும் விடவில்லை. ஒரு நாள் அந்த வரியையும் இவர் சொல்லிவிட்டார், மெதுவாக. அதற்குப் பிறகும் கேட் பூட்டியேதான் கிடந்தது. போன கோடையில் அண்ணனே ஆள்விட்டு, ஷீட் கொண்டுபோகிற நாளில் திறந்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினார். இப்போதும் ஒருவர் வீட்டில் ஒருவர் கைநனைப்பதில்லை. ஆனாலும் நான் ஸ்தோத்திரம் பண்ணினேன்.

நம்பிக்கை என்றால் எல்லோரும் பழையபடி ஒரே பந்தியில் உட்கார்ந்து சிரிப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். யாக்கோபையும் ஏசாவையும் பார். வருஷக்கணக்காக முகம் பார்க்காத அண்ணனைச் சந்திக்க யாக்கோபு பயந்து நடுங்கிப் போகிறான். மந்தை மந்தையாகக் காணிக்கையை முன்னால் அனுப்புகிறான். ஏசாவோ ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் செய்கிறான், இரண்டு பேரும் அழுகிறார்கள். சேர்ந்தே போவோம் வா என்று ஏசா கூப்பிட்டும் யாக்கோபு கூடப் போகவில்லை. அவன் சேயீருக்கு, இவன் சுக்கோத்துக்கு. ஆனால் ஈசாக்கு இறந்தபோது ஏசாவும் யாக்கோபும் சேர்ந்துதான் தகப்பனை அடக்கம்பண்ணினார்கள். எனக்கு அந்த வசனம் பெரிய ஆறுதல். வேறு வேறு ஊரில், வேறு வேறு வீட்டில் இருந்துகொண்டே சகோதரராக இருக்கலாம் என்று வேதமே காட்டுகிறது. கர்த்தர் உங்களுக்கும் அந்த அளவுக்காவது தருவார் என்று நம்பித்தான் ஜெபிக்கிறேன்.

திருவிருந்து விஷயத்துக்கு வருகிறேன். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனம்தானே உன்னைத் தடுக்கிறது? நீ போனாய். பலகாரம் வாங்கிக்கொண்டு பெரிய அண்ணன் வீட்டு வாசலில் நின்றாய், கதவைத் திறக்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். திறக்காத கதவுக்கு நீ எப்படிக் கணக்குக் கொடுக்க முடியும்? வருகிற ஞாயிறு போ. ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுக்கும் நேரத்தில் பக்கத்தில் இருக்கிறவர் உன் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடிப்பார் அல்லவா, அது உனக்கும் உரியதுதான். பந்திக்குப் போய் முழங்கால்படியிடு.

டிசம்பரில் எப்படியும் ஊருக்கு வருவாய். பத்திரங்களின் நகல், வில்லங்கச் சான்று, அப்பா அம்மா இரண்டு பேருடைய இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவா. எதிலும் கையெழுத்துப் போடாதே. உங்கள் சபையில் ஓய்வுபெற்ற அந்தத் தலைமையாசிரியரைப் பெரிய அண்ணன் மதிப்பார் என்று சொல்வாயே, அவரிடம் இவர் பேசிப் பார்க்கிறேன் என்கிறார். பேச உட்காரும் அன்று நானும் உன்னோடு வருகிறேன். எந்தத் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறாய் என்று எழுது, நாகர்கோவில் ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுகிறேன்.

உன் பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் கல்லூரித் தோழி