அரிசி பில்லில் ஒரு காவல் நிலையம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

முப்பது வருடம் காவல் துறையில் இருந்தவர் என்பதால் இதை உங்களுக்குத்தான் எழுத வேண்டும். எங்கள் ஊருக்குப் புதுக் காவல் நிலையம் கட்ட நினைக்கிறார்கள். அதற்கான பணத்தில் கொஞ்சம் என் அரிசி பில்லிலிருந்து போகும்.

நம் நாட்டில் போலீஸ் மாநில அரசின் துறை. இங்கே அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சின்ன ஊர்கூடத் தனக்கென்று போலீஸ் வைத்துக்கொள்ளலாம். கவுண்டி என்று நம் மாவட்டம் போல ஒன்று உண்டு. அதன் காவல் தலைவரான ஷெரிஃபை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாறுதல் உத்தரவுக்குப் பயந்தே காலம் தள்ளிய உங்களுக்குச் சிரிப்பு வரும்.

1985-இல் வந்த சட்டப்படி, வாக்கெடுப்பில் கவுண்டி மக்கள் சம்மதித்தால் டாலருக்கு ஒரு சென்ட் கூடுதல் விற்பனை வரி வசூலிக்கலாம். எதற்காக என்பதை வாக்குச்சீட்டிலேயே சொல்லிவிட வேண்டும். ஐந்தாறு வருடத்தில் வரி முடிந்துவிடும். தொடர வேண்டுமானால் திரும்பவும் மக்களிடம் வர வேண்டும். எங்கள் கவுண்டியில் அந்தக் கெடு நெருங்குகிறது. நவம்பரில் வாக்கெடுப்பு.

சமையலுக்கு வாங்கும் பொருளுக்கு மாநிலத்தின் 4 சதவீத வரி கிடையாது. ஆனால் இந்த ஒரு சென்ட்டுக்கு அந்த விலக்கில்லை. 20 டாலர் அரிசி மூட்டைக்கு 20 சென்ட். இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே கணக்கு என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்த வரி பற்றி ஊரில் நடந்த கூட்டத்தில் ஒரு பெரியவர் இதையே கேட்டார். வீட்டு வரியை ஏற்றுவதைவிட இது மேல், வழிப்போக்கர்களும் இங்கே பொருள் வாங்கும்போது தருகிறார்களே என்று பதில் வந்தது. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

இன்னொன்று கேளுங்கள். இந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம், ரோந்து வண்டி வாங்கலாம். காவலருக்குச் சம்பளம் தரக்கூடாது. கூட்டத்தில் இதைக் கேட்டபோது உங்கள் பழைய நிலையம்தான் கண்ணில் வந்தது. மழை பெய்தால் பதிவேடுகளை மேஜைக்கு மேஜை மாற்றிவைப்பீர்கள். ஆனாலும், "கூரை ஒழுகட்டும், ராத்திரி ரோந்துக்கு இரண்டு ஆள் கொடுங்கள்" என்றுதான் புலம்புவீர்கள்.

குடியுரிமை இல்லாததால் எனக்கு வாக்கு இல்லை. வரி மட்டும் உண்டு. நேற்றைய கடை பில்லை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த ஒரு சென்ட் அடங்கிய இடத்தைப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறேன், பாருங்கள்.

உங்கள் அன்பு மகன்