வவுச்சரைப் பார்த்தது போதும், சாலையைத் தோண்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்வதேச உதவி நிறுவனங்கள் ஊழலைத் தடுக்க இன்னும் கடுமையான விதிகளைக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த நிறுவனங்கள் பணம் கொடுத்த திட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்குத் தணிக்கை செய்தவன் நான். விதிகளுக்கு அங்கே பஞ்சமே இல்லை. விதி காகிதம் கேட்கிறது, திருடுகிறவனும் முதலில் காகிதத்தைத்தான் தயார் செய்கிறான்.

ஒருமுறை மூன்று நாள் பயிற்சி முகாம் ஒன்றின் செலவுக் கோப்பு என்னிடம் வந்தது. வருகைப் பதிவேட்டில் நாளுக்கு அறுபது கையொப்பங்கள், மூன்று நாளும் அதே அறுபது பேர். முதல் நாள் பக்கத்தின் கடைசி வரிகளில் நீல மை மங்கிக்கொண்டே போய், இரண்டாம் நாள் பக்கம் அந்த மங்கலிலேயே தொடங்கியது. நாலாவது வரியிலிருந்து கறுப்பு மை. மை தீரும் வரை ஒரு பேனா, பிறகு இன்னொன்று என்று ஒரே மூச்சில் போட்ட கையெழுத்துகள். கூடவே மூன்று கம்பெனிகளின் விலைப்புள்ளிகள் இருந்தன. மூன்றிலும் ஒரே சொல்லில் ஒரே எழுத்துப்பிழை. விதிப்படி பார்த்தால் அந்தக் கோப்பில் குறையே கிடையாது. கேட்ட கையொப்பம் இருந்தது, கேட்ட மூன்று விலைப்புள்ளிகளும் இருந்தன.

இத்திட்டங்களுக்குப் பணம் கொடுக்கும் பெரிய வங்கிகள் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஊழலை அரசியல் விவகாரம் என்று ஒதுக்கியே வைத்திருந்த உலக வங்கியில், 1996-ல் அதன் தலைவர் ஜேம்ஸ் வுல்ஃபென்சன்தான் அதைப் புற்றுநோய் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2010-ல் உலக வங்கி உட்பட ஐந்து வளர்ச்சி வங்கிகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒரு வங்கி ஓராண்டுக்கு மேல் தடை செய்த கம்பெனியை மற்ற நான்கும் தடை செய்யலாம் என்பது ஏற்பாடு. நல்லதுதான். ஆனால் கறுப்புப் பட்டியல், பிடிபட்ட பிறகு வருவது. பிடிப்பது எப்படி என்பதில்தான் என் கவலை.

பென்ஜமின் ஓல்கன் என்ற பொருளாதார அறிஞர் இந்தோனேசியாவில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களின் சாலைகளை ஆய்வு செய்தார். உலக வங்கி உதவியோடு நடந்த திட்டத்தில் போட்ட சாலைகள் அவை. பொறியாளர்கள் சாலையைத் தோண்டி மாதிரி எடுத்து, உள்ளே கல் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று அளந்து, கணக்கில் எழுதிய அளவோடு ஒப்பிட்டார்கள். சாதாரணமாக நூறில் நான்கு சாலைக்குத்தான் தணிக்கை வரும். ‘உங்கள் சாலைக்கு நிச்சயம் வரும்’ என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட கிராமங்களில், காணாமல் போகும் பணம் மொத்தச் செலவில் சுமார் 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. வேறு சில கிராமங்களில் மக்களைக் கணக்குக் கேட்கும் கூட்டங்களுக்கு அழைத்தார்கள். அங்கே கூலியில் கை வைப்பது குறைந்தது, பொருளில் அடிப்பது குறையவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. தன் கூலி குறைந்தால் உழைத்தவனுக்கு அன்றைக்கே தெரியும். சாலைக்கு அடியில் கல் குறைந்ததை அவன் எதை வைத்துக் கண்டுபிடிப்பான்? அதற்குப் பொறியாளர் வேண்டும், கடப்பாரை வேண்டும்.

கூலியைப் போல ஆளுக்கோ பள்ளிக்கோ இவ்வளவு என்று கணக்காக வரும் பணத்துக்கு மக்களே சிறந்த தணிக்கையாளர்கள். உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை, பள்ளிகளுக்கென்று மத்திய அரசு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. அது தெரியவந்ததும், எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று நாளிதழ்களில் அரசு வெளியிட்டது. பள்ளிகளிலும் அறிவிப்பு ஒட்டச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் 80 சதவீதத்துக்கு மேல் வந்து சேர்ந்தது. நாளிதழ் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, அதே காலத்தில் வேறு நிதிச் சீர்திருத்தங்களும் நடந்தன. இருந்தாலும், தன் பிள்ளையின் பள்ளிக்கு வர வேண்டிய தொகை இவ்வளவு என்று தெரியாத தாய் யாரிடம் போய் எதைக் கேட்பாள்? இன்று கொடையாளர்கள் இணையத்தில் தரவுகளை வெளியிடுகிறார்கள். பணம் போய்ச் சேரும் ஊரின் மொழியில், அந்த ஊர்ச் சுவரில் எழுதும் வரை அது பாதி வேலைதான்.

இன்னொன்று, இதை யாரும் எழுதுவதில்லை. உதவி நிறுவனத்தில் ஓர் அதிகாரியின் திறமையை, நிதியாண்டு முடிவதற்குள் எவ்வளவு பணத்தை விடுவித்தார் என்பதை வைத்தே பெரும்பாலும் எடை போடுகிறார்கள். ஆட்சேபம் எழுப்பினால் தவணை நிற்கும், தவணை நின்றால் அவர் பெயர் கெடும். அந்தப் பயிற்சி முகாம் கோப்பைப் பற்றி நான் எழுதியபோது, “இதை அடுத்த அறிக்கையில் வைத்துக்கொள்ளலாமே” என்றுதான் பதில் வந்தது. மார்ச் மாதம். தடுத்து நிறுத்திய பணத்தையும் சாதனையாக எழுதிக்கொள்ள அந்த அதிகாரிகளுக்கு வழி வேண்டும்.

ஊழல் அம்பலமானதும் உதவியை மொத்தமாக நிறுத்துவதும் எனக்கு உடன்பாடில்லை. 2012-ல் உகாண்டா பிரதமர் அலுவலகத்தில் கையாடல் வெளிவந்ததும் ஐரோப்பிய நாடுகள் சில உதவியை நிறுத்தின. அயர்லாந்து தன் 40 லட்சம் யூரோவைத் திரும்பப் பெற்றது. பணத்தைத் திரும்பக் கேட்டது சரி. ஆனால் நிறுத்தும்போது பட்டினி கிடப்பது திருடியவன் அல்லவே. பணம் போகும் வழியை மாற்றுங்கள், திருடியவனிடம் கணக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்தப் பதிவேட்டை எடுத்துப் பார்க்கும்படி எனக்குச் சொன்னவர் ஓர் இளநிலை எழுத்தர். என் அறிக்கையில் அவர் பெயரை எழுதவில்லை. ‘கோப்புகளைப் பராமரிக்கும் ஊழியர் தெரிவித்தபடி’ என்று எழுதினேன். அந்த அலுவலகத்தில் கோப்புகளைப் பராமரித்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கொடையாளர் நிறுவனத்துக்கு அவருக்காக நான் இரண்டு முறை எழுதினேன். உள்ளூர் நியமனங்களில் தலையிடுவதில்லை என்று எழுதியிருந்தார்கள். புகார் சொல்பவரின் வேலைக்குப் பொறுப்பு ஏற்கும் ஒரு ஷரத்து, பணம் கொடுக்கும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். அது இல்லாத ஒப்பந்தத்தில் முதல் தவணையே போகக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குத் தணிக்கையாளர்