அடகுக்கு முன்னால்

அன்புள்ள மகனுக்கு,

போன வாரம் போனில், "நிலத்தை அடகு வெச்சா என்னம்மா?" என்று கேட்டாய். அப்போது வாயே வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பிலிப்பைன்ஸில், நம் நுவேவா எசிஹா மாகாணத்தில், கபியாவோ சின்ன ஊர்தான். ஆனால் 1896 செப்டம்பர் 2ஆம் தேதி, மரியானோ லியானேரா இந்த ஊர்ச் சனத்தைத் திரட்டிக்கொண்டு, ஸ்பானியரை எதிர்த்து சான் இசித்ரோவுக்கு நடந்தார். கூடவே ஊர் பேண்டும் வாசித்துக்கொண்டு போயிற்று. துப்பாக்கி கொஞ்சம் பேரிடம்தான். மற்றவர்கள் கையில் வெட்டரிவாள். நம் கொடியிலுள்ள சூரியனின் எட்டுக் கதிர்களில் ஒன்று நுவேவா எசிஹாவுக்கு வந்தது அப்படித்தான்.

ஸ்பானியன் போனான், அமெரிக்கன் வந்தான். நிலம் மட்டும் பண்ணையாரிடமே இருந்தது. உன் லோலோ, அதாவது என் அப்பா, வாரத்துக்கு உழுதவர். விளைச்சலில் பாதி பண்ணைக்கு. பசி மாதத்தில் ஒரு மூட்டை நெல் கடன் வாங்கினால், அறுப்பில் இரண்டாகத் திருப்ப வேண்டும். தக்கிபான் என்று பெயர். வாங்கிய ஒவ்வொரு மூட்டைக்கும் வீட்டு மூங்கில் தூணில் ஒரு கீறல் போடுவார். அந்தக் கீறல்களைத் தடவித்தான் நான் எண்ணப் பழகினேன்.

1942 மார்ச் 29 அன்று ஜப்பானியரை எதிர்க்க ஹுக் என்ற விவசாயிகளின் கொரில்லாப் படை தொடங்கியதும் நம் கபியாவோவின் சான் ஹுலியானில்தான். உன் லோலோவின் தம்பி அதில் சேர்ந்தார். திரும்பி வரவில்லை.

1972 அக்டோபரில், ராணுவச் சட்டம் போட்ட அடுத்த மாதமே, வாரத்துக்கு உழுகிற நெல் நிலமும் மக்காச்சோள நிலமும் உழுதவனுக்கே என்று அதிபர் மார்க்கோஸ் ஆணை போட்டார். அந்த ஆட்சியின் கொடுமைகளை நான் மறக்கவில்லை. ஆனாலும் நிலத்துக்கான காகிதத்தை வாங்கி வந்த அன்று அப்பா சாப்பிடாமல் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு நிலத்தின் விலைக்கு 15 வருடத் தவணை. 1970களில் பந்தபங்கன் அணை கட்டினார்கள். நம் மாகாணத்து வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்க அங்கே ஒரு ஊரே முழுகிப் போயிற்று. மதகு திறக்கும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

2019இல் வெளிநாட்டு அரிசிக்குக் கதவைத் திறந்தார்கள், நம் நெல் விலை விழுந்தது. நீ தோஹாவுக்குப் போனது அதனால்தான். உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பத்திரம் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. அதன் அடியில் 15 வருட ரசீதுகளும் நூல் கட்டிக் கிடக்கின்றன. விடுமுறைக்கு வா, இரண்டு பேருமாகப் பிரித்துப் பார்ப்போம். அதுவரை என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லாதே.

அம்மா